எழுபத்தேழு கோடுகள்

எண்ண வந்தவன் நான்.
மான்டெவீடியோ குடும்ப நீதிமன்றத்தின் முத்திரையும்
இரண்டு கார்பன் தாளும் பையில்.
கோர்டோன் பகுதி, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்த மிர்த்தா முதலில் சொன்னது:
"முதலையை மிதித்துவிடாதீர்கள்."
பாடம் செய்த குட்டி.
வாய்க்குள் வீட்டுச் சாவி.

பாகம் பிரிக்க எத்தனையோ வீடு ஏறியிருக்கிறேன்.
கட்டில், பீரோ, யார் பக்கமும் சேராத மாமியார் படம்.
இங்கே முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது.
முக்குளிப்பவனின் செம்புத் தலைக்கவசத்துக்குள்
பல்பு எரிகிறது.
இதை விளக்கு என்று எழுதுவதா?
மரப்பெட்டியில், பஞ்சு மெத்தையில்,
கண்ணாடிக் கண்கள் நூற்றுப்பதினொன்று.
ஒரு குழி காலி.
"வாங்கும்போதே இல்லை" என்றார்,
நான் கேட்காமலே.
சுவரில் 'புயல்' என்றே காட்டும் பாரோமீட்டர்.
பழுதா என்றேன்.
"இருபத்திரண்டு வருஷமாகச் சரியாகத்தான் காட்டியது."

அப்புறம் இசைத்தட்டு இயந்திரங்கள்.
பதினான்கு.
ஞாயிறுதோறும் த்ரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தையில்
துருப்பிடித்த குழாய்க்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவே
மேட்டே வெந்நீர்ப் புட்டியை அக்குளில் இடுக்கியபடியே
பேரம் பேசித் தூக்கி வந்தவை.
கைப்பெட்டிக்குள் மடங்குவது ஒன்று.
சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு வால்வு ரேடியோகிராம்,
சூடேறினால் தூசி கருகும் வாசனை வரும்.
குளியல் தொட்டியின் மேல் பலகை போட்டு
அதில் இரண்டு.
(எங்கே குளிப்பீர்கள் என்று கேட்பது
என் வேலையில் இல்லை.)
புனல் வாயில் கள்ளி முளைத்த ஒன்றைப் பார்த்து
செடி யாருக்கு என்று மட்டும் கேட்டேன்.

தட்டு சேர்த்தவர் வால்டெமார்.
இரண்டாயிரத்து நாற்பது.
நீதிபதிக்கு அன்று வெள்ளிக்கிழமை அவசரம்.
இயந்திரம் அவருக்கு, தட்டு இவருக்கு என்று
ரொட்டியை அறுக்கிற மாதிரி அறுத்துவிட்டார்.
தட்டச்சு செய்தவன் நானே.
ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஆறு வாரம் கழித்து
ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்றென்று மறுபடி ஏறினேன்.
எனக்கு முன்னால் படியில்
மூச்சு வாங்கிக்கொண்டு வால்டெமார்.
காய்ச்சல்காரக் குழந்தையை டாக்டரிடம் எடுத்துப் போகிறவர்போல
மார்போடு ஒரே ஒரு தட்டு.
"ஒரு பக்கம் மட்டும்" என்றார், கதவைப் பார்த்து.

மிர்த்தா பதில் பேசவில்லை.
புது ஊசி மாட்டினார்.
கைப்பிடியை எண்ணிச் சுற்றினார், முப்பது.
ஒரு பழைய மிலோங்கா.
பாடுகிறவன் குரல் கனத்து,
முழங்கால் தண்ணீரில் நடப்பதுபோல் வந்தது.

"மந்தமாகிவிட்டது மெஷின். நீ எண்ணெய் விடுவதில்லை."

அவ்வளவுதான்.
பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார் மிர்த்தா.
நாங்கள் பின்னால்.
தட்டின் நடுவே ஒரு காகித வட்டம் வைத்தார்,
ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு, எழுபத்தேழு.
வேகம் சரியென்றால்
ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்குமாம்.
வேகம் தப்பினால் முன்னோ பின்னோ ஊர்ந்துவிடும்.

சுழன்றது.
மூன்று தலை குனிந்து பார்த்தோம்.
நின்றன.
அத்தனை ஓட்டத்திலும்
சும்மா நின்றன எழுபத்தேழும்.

அப்படியென்றால் கல்யாணத்துக்கு வாங்கியது,
மோட்டார் புகைந்து குப்பைக்குப் போனது,
அதுதான் அத்தனை காலம்
விரைந்து ஓடியிருக்கிறது.

"வேகமாக ஆடியிருக்கிறோம்" என்றார் மிர்த்தா.
"அதுதான் எனக்கு மூச்சு வாங்கியது" என்றார் வால்டெமார்.
யாரும் சிரிக்கவில்லை.
மேட்டேக் குடுவை மட்டும் என்னிடம் வந்து,
அவரிடம் போய்,
மறுபடி என்னிடம் வந்தது.

இரண்டாம் மாடி இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது,
கையெழுத்து.
மேலே தட்டைத் திருப்பிப் போடுகிற சத்தம்.
"அவ்வளவு இறுக்காதே,
ஸ்பிரிங் அறுந்துவிடும்."
முப்பதுக்கு மேலும்
சுற்றிக்கொண்டிருந்தது ஒரு கை.